வேலையை விடுவதா வேண்டாமா, யோசனை சொல்லுங்கள்

அக்காக்களே, பாப்பாவுக்கு ஐந்து மாதம் ஆகிறது, என் 26 வார விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. பாட்டிலை வாயில் வைத்தாலே நாக்கால் தள்ளுகிறாள், பாலாடையில் கொடுத்தால் பாதி கழுத்தில் வழிகிறது, அம்மாவுக்கோ மூட்டுவலி, யாரிடம் விட்டுப் போவது? 50 பேர் வேலை செய்தாலே குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் எங்கள் அலுவலகத்தில் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். தமிழக அரசு வேலையில் இருக்கும் நாத்தனாருக்கு ஒரு வருடம் கிடைத்தது (பொறாமைதான்).

ஒரு வருடம் வேலையை விட்டுத் திரும்பப் போனவர்கள் இருக்கிறீர்களா? இன்டர்வியூவில் அந்த இடைவெளியை எப்படிச் சொன்னீர்கள், சம்பளத்தைக் குறைத்தார்களா? வேளச்சேரி, தரமணி பக்கம் கைக்குழந்தையை எடுத்துக்கொள்ளும் காப்பகம் தெரிந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், "குழந்தைதானே முக்கியம்" மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே தினம் கிடைக்கிறது.