ஈரோட்டு வெயிலுக்குக் கடல்நீர்த் தொட்டி தாங்குமா? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்க

வணக்கம்ங்க. வீட்டில் முதன்முதலாகக் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன், 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கிட்டத்தட்ட 190 லிட்டர் பிடிக்கும். எங்கள் போர் தண்ணீரை நம்ப முடியாது என்பதால் ஆர்ஓ தண்ணீரில் கடல் உப்புக் கலவை கரைத்து, உப்பின் அளவைக் காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 காட்டும்படி வைத்திருக்கிறேன். பவளம் எல்லாம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வருவதால் அந்தப் பக்கமே போகவில்லை, செராமிக் பாறைதான்.

மீனுக்கு விஷமான அம்மோனியாவுக்கான டெஸ்டில் சோதனைக் குழாய்த் தண்ணீர் இன்னும் இளம்பச்சையாகத்தான் நிற்கிறது, பூஜ்யத்தைக் காட்டும் மஞ்சளுக்கு வரவில்லை. அம்மோனியாவும், அதேபோல விஷமான நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகும்வரை மீன் விடமாட்டேன், அதில் அவசரமே இல்லை.

என் கவலையெல்லாம் சூடுதாங்க. மதியம் தண்ணீர் 31 டிகிரிக்குப் போய்விடுகிறது, 26ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மேலே ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிவிடும், தினமும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். சித்திரை வெயிலில் ஃபேனை மட்டும் வைத்துச் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, இல்லை தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கியே ஆகணுமா? அப்புறம், நாள் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளில் இன்வெர்ட்டரில் எதையெல்லாம் ஓட்டுகிறீர்கள், தண்ணீரை ஓட்டத்தில் வைக்கும் வேவ்மேக்கர் மட்டும் போதுமா?

பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி கோவை, திருப்பூர் பக்கம் நம்பி வாங்குகிற இடம் தெரிந்தாலும் சொல்லுங்க. கடலில் பிடித்தது வேண்டாம்ங்க.