சர்க்கரைப் பாகு ஏன் பூத்துப்போகிறது?

வாரம் ஒருநாள் உறவுகள், நண்பர்கள் என்று 8 பேருக்கு இரவு உணவு சமைக்கிறேன். அது எப்படியோ ஓடிவிடுகிறது. விடுமுறைக்கு எல்லோருக்கும் இனிப்பு செய்து கொடுக்க இறங்கினால்தான் மானம் போகிறது.

பாகு ஆறியதும் மணல் மணலாகப் பூத்துவிடுகிறது. பாத்திர ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை ஈரத் தூரிகையால் துடைத்தேன். கொதி வந்தபின் கரண்டியே போடவில்லை. வெப்பமானி 115 டிகிரி செல்சியஸ் காட்டியதும் இறக்கினேன். (அந்தக் கருவியின் மீதே எனக்குச் சந்தேகம். கொதிநீரில் வைத்தால் 97தான் காட்டுகிறது! அப்படியானால் 112இலேயே இறக்கிவிட வேண்டுமா?)

எலுமிச்சைச் சாறு விட்டால் பூக்காது என்கிறார்கள். ஒரு கிலோ சர்க்கரைக்கு எவ்வளவு, எந்த நேரத்தில் விடுவது? புளிப்பு தெரியுமா? இரண்டு வாரத்தில் 12 டப்பாக்களை நிரப்பியாக வேண்டும். கைப்பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.