தண்ணீர் சூடு இறங்கவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

தர்மபுரியில் வீட்டிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிறேன். மாசி வரைக்கும் சிக்கல் இல்லை, சித்திரை பிறந்ததும் மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் 34 டிகிரி, விடியற்காலையில்கூட 28. ஃபிலிம் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் டி-76 (ஒன்றுக்கு ஒன்று, அதாவது சம அளவு தண்ணீர் கலந்து), 20 டிகிரியில் 11 நிமிடம், ஃபிலிம் கழுவும் பேட்டர்சன் டேங்க். ஐஸ் வாளியில் வைத்து டெவலப்பரை 20க்கு இறக்கினேன், நேரம் முடிவதற்குள் 24க்கு ஏறிவிட்டது. மண்பானைத் தண்ணீரும் 25க்குக் கீழே வரவில்லை.

கடைசி இரண்டு ரோலும் கறுத்துப்போய், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் வறண்ட ஏரி மண்போல மெல்லிய வெடிப்பு தெரிகிறது. படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சரையும் கழுவும் தண்ணீரையும் குளிர்விக்காமல் விட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதில் ஒன்று எங்கள் பாட்டியை எடுத்த ரோல், மனசு ஆறவில்லை.

20ஐ விட்டுவிட்டு, டெவலப்பரிலிருந்து கடைசித் தண்ணீர் வரை எல்லாவற்றையும் 26 டிகிரியிலேயே வைத்தால், இதே கலவைக்கு எத்தனை நிமிடம் கொடுக்க வேண்டும்?