ஜான் ஹால்: ஆட்டுப்பண்ணைக்காரர் பெண்களுக்கு வாக்கு கேட்டது ஏன்?

கேள்வி:
வணக்கம். நியூசிலாந்தின் சர் ஜான் ஹால், கேன்டர்பரி மாகாணத்தில் பெரிய ஆட்டுப்பண்ணைக்காரர். 1879 முதல் 1882 வரை பிரதமர். நிலவுடைமைக்காரர்கள் பக்கம் நின்றவர், பெண்கள் வாக்குரிமைக்கு ஏன் முன்வந்தார்? இவரைப் போன்ற பண்ணைக்காரர்கள் அவ்வளவு நிலத்தை எப்படிக் கைவிடாமல் வைத்திருந்தார்கள்?

பதில் 1:
முதலில் நிலம். 1852இல் வந்த ஹால், ஹொரொராட்டா பக்கம் டெரஸ் பண்ணையைப் பிடித்தார். மேய்ச்சல் நிலம் அரசுக் குத்தகைதான். ஏக்கருக்கு 2 பவுண்டு கட்டினால் வெளியாள் யாரும் நடுவில் துண்டு வாங்கிவிடலாம். குத்தகைக்காரருக்கு அதுதான் பயம். ஆனால் 20 ஏக்கருக்குக் குறைந்த துண்டு ஏலத்துக்குத்தான் போகும். இந்த ஓட்டையை மாகாணத்தில் பலர் பிடித்துக்கொண்டார்கள். 20 ஏக்கர் பட்டையாக ஒன்று வாங்குவது, பக்கத்தில் 19 ஏக்கரை விடுவது, மறுபடி 20 வாங்குவது. ஐந்து பட்டைக்கு 200 பவுண்டு. இடையில் சிக்கிய 76 ஏக்கரில் அதை வாங்காமலே ஆடு மேயும். சிறு விவசாயி அதைக் கேட்டால் ஏலத்தில் பண்ணைக்காரரோடு மோத வேண்டும். பார்ப்பதற்கு இரும்புக் கம்பித் தட்டி போல இருக்கும் அந்த நில வரைபடம்.

பதில் 2:
வாக்குரிமைக்கு வருகிறேன். அவர் பழமைவாதி என்பதால்தான் கேட்டார்! குடும்பத்தோடு ஊன்றிய குடியேறிகளின் குரல், ஊர் ஊராகத் திரியும் தனி ஆண்களின் வாக்குக்கு எதிராகப் பலப்படும் என்பது அவர் கணக்கு. எந்தக் கணக்கானாலும் உழைப்பு உண்மையானது. பெண்கள் வாக்குரிமை இயக்கத்தை முன்னின்று நடத்திய கேட் ஷெப்பர்ட் 546 தாள்களை ஒட்டி, துடைப்பக் கழியில் சுற்றிக் கொடுத்த மனுவை, 1893 ஜூலை 28 அன்று ஹால் நாடாளுமன்றச் சபைத் தரையில் உருட்டிவிட்டார். நீளம் சுமார் 270 மீட்டர். மற்ற மனுக்களையும் சேர்த்தால் கையெழுத்து 32,000-ஐ நெருங்கும். செப்டம்பர் 19 அன்று பெண்களுக்கு வாக்குரிமை தரும் சட்டம் வந்தது. 13 மனுக்களில் இந்தப் பெரிய சுருள் மட்டும் இன்று மிஞ்சியிருக்கிறது.

பதில் 3:
இவரைப் பாராட்டும்போது பாரிஹாக்காவை விட்டுவிடக் கூடாது. 1881 நவம்பர் 5 அன்று சுமார் 1,600 ஆயுதப் படையினர் அந்த மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி) ஊருக்குள் நுழைந்தபோது பாடியபடி எதிரே வந்தவர்கள் குழந்தைகள். நிலத்துக்காக ஆயுதமில்லாமல் நின்ற ஊர் அது. படையை நடத்தியவர் அமைச்சர் பிரைஸ், பிரதமர் ஹால். ஊர்த் தலைவர்களான தே விட்டியும் தோஹுவும் விசாரணையே இல்லாமல் 1883 வரை சிறைபட்டிருந்தார்கள்.