பூர்வகுடி ஓவியம் பதித்த வெள்ளி நாணயம்: வாங்கலாமா, கூடாதா?

வெள்ளிப்பித்தன்:
ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை 2009-ல் தொடங்கிய ‘ட்ரீமிங்’ (பூர்வகுடிகள் புனிதமாகக் கருதும் மூதாதைக் கதைகள்) வரிசை நாணயங்களைச் சேர்த்து வருகிறேன். ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 99.9 சதவீதம் தூய வெள்ளி. பூர்வகுடி ஓவியர் டாரில் பெல்லோட்டி வரைந்த கங்காரு வண்ணத்தில் இருக்கும், சுற்றிலும் வெள்ளி கண்ணாடியாக மின்னும். இதைப் பார்த்த நண்பர், “அடுத்தவன் சாமியை விலைக்கு வாங்கி அலமாரியில் வைக்கிறாய்” என்கிறார். ஓவியர் சம்மதித்து, தன் பெயரில் வரைந்துகொடுத்ததை வாங்குவதில் என்ன தப்பு?

டார்வின்_செல்வி:
நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது அண்ணா. அந்த நாட்டுப் பணத்தில் பூர்வகுடி ஓவியம் எப்படி ஏறியது என்று பாருங்கள். 1966-ல் வந்த ஒரு டாலர் நோட்டில் வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லாண்டைச் சேர்ந்த பூர்வகுடி ஓவியர் டேவிட் மலங்கியின் மரப்பட்டை ஓவியம் இருந்தது. குர்மிரிங்கு என்ற மூதாதை வேட்டைக்காரருக்குச் செய்த இறுதிச் சடங்கு அது. மலங்கியிடம் யாரும் கேட்கவில்லை. வரைந்தவர் உயிரோடு இருப்பதே ரிசர்வ் வங்கிக்குத் தெரியாது! விஷயம் வெளியே வந்த பிறகு வங்கியின் ஆளுநர் கூம்ப்ஸ் கொடுத்தது 1,000 டாலர், மீன்பிடிச் சாமான்கள், ஒரு வெள்ளிப் பதக்கம். ஒரு குலத்தின் சாவுச் சடங்கு நாடு முழுக்கக் கைமாறியதற்கு இதுதான் ஈடா?

வெள்ளிப்பித்தன்:
அது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அனுமதியே வாங்கவில்லை, இங்கே வாங்கியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

டார்வின்_செல்வி:
சரி, அனுமதி வாங்கிய கதைக்கே வருவோம். 1988-ல் வந்த பத்து டாலர் பிளாஸ்டிக் நோட்டில் பூர்வகுடிக் கலைஞர் டெரி யும்புலுல் செய்த விடிவெள்ளிக் கம்பம் இருந்தது, அது புனிதச் சடங்குக் கம்பம். ஒப்பந்தம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஆனாலும் குலத்தார் அவரைக் கண்டித்தார்கள், அவர் நீதிமன்றம் போனார், 1991-ல் தோற்றார். சமூகத்துக்குப் பொதுவான உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் போதுமான அளவு காக்கவில்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி எழுதியிருக்கிறார். ஒருவர் போடும் கையெழுத்து ஒரு குலத்தின் சம்மதம் ஆகாது. என் வாதம் அவ்வளவுதான்.

கிராம்_கணக்கு:
நான் வியாபாரம் மட்டும் பேசுகிறேன். இந்த மாதிரி நாணயத்தை விற்கப் போனால் பல கடைகளில் எடைக்குத்தான் விலை போடுவார்கள். ஓவியத்துக்காக நாம் கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பாது. முதலீடு என்றால் சாதா வெள்ளிக் கட்டி வாங்குங்கள்.

வெள்ளிப்பித்தன்:
நான் விற்க வாங்கவில்லை.

செல்வி, நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் நகரத்தில் வாழும் ஓர் இளம் பூர்வகுடி ஓவியர் எதை வரைந்தாலும் குலத்தைக் கேட்க வேண்டுமா? மத்திய ஆஸ்திரேலியாவில் இருக்கும் பபுன்யா என்ற பூர்வகுடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களின் தொடக்கத்தில் அங்கே பலகையில் வரைந்தவர்கள் ரகசியச் சின்னங்களை வெளியே காட்டிவிட்டார்கள் என்று சச்சரவு வந்தது. வரைவதை நிறுத்தவில்லையே! காட்டக் கூடாததை வரையாமல் விட்டார்கள், புள்ளிகளால் மறைத்தார்கள், உலகம் முழுக்க விற்றார்கள். எது வெளியே போகலாம் என்று அவர்களுக்குத் தெரியாதா? நாம் யார் பாதுகாவலர்?

இன்னொன்று. ஓவியர் பெயர் போட்ட அசலை நாம் ஒதுக்கினால் போலிதான் விற்கும். பிருபி என்ற நிறுவனம் இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளைப் பூர்வகுடிக் கைவேலை என்பதுபோல விற்றது. 2019-ல் 23 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது.

டார்வின்_செல்வி:
பபுன்யா நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் சாய்கிறது. அங்கே முடிவெடுத்தது அந்த மக்களே, ஒன்றாகப் பேசி. நாணயத்தில் யார் முடிவெடுத்தார்கள்? அப்புறம் பணம். 2010 முதல் ஆஸ்திரேலியாவில் ஓவியம் மறுவிற்பனையானால், தகுதியுள்ள விற்பனைகளில் ஓவியருக்கு 5 சதவீதம் போகிறது. அது ஓவியம், சிற்பம் போன்ற படைப்புகளுக்கான சட்டம். உங்கள் நாணயம் நாளைக்கு ஏலத்தில் மூன்று மடங்குக்குப் போனால் வரைந்தவருக்கு என்ன வரும்?

மறுபக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், எலிசபெத் ராணி. அந்த மண்ணைப் பிடுங்கிய மகுடமும், அந்த மண்ணின் கங்காருவும் ஒரே வெள்ளியில். எனக்கு அது தொண்டையில் சிக்குகிறது.

வெள்ளிப்பித்தன்:
ராணி எல்லா ஆஸ்திரேலிய நாணயத்திலும்தான் இருந்தார். அதற்காக வரைந்தவரின் உழைப்பை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை, தொடர்ந்து வாங்குவேன். ஆனால் அடுத்ததை வாங்கும் முன் இரண்டு கேள்வி எழுதி அனுப்பப் போகிறேன்: கதை எந்தக் குலத்துடையது, யாரைக் கேட்டீர்கள்? ஓவியருக்கு ஒரே தொகையா, ஒவ்வொரு நாணயத்துக்கும் பங்கா?

டார்வின்_செல்வி:
அனுப்புங்கள் அண்ணா. பதில் வந்தால் அப்படியே இங்கே போடுங்கள். அதுவரை நான் வாங்குவதாக இல்லை.