சுக்கினி சீஸ் பைட்ஸ்: அடி ஊறிப்போகிறது, சீஸ் ஒழுகிக் கருகுகிறது. எங்கே தவறு?

கேள்வி:
வணக்கம். சைட் டிஷ்ஷாக வைக்க, காய்கறியும் சீஸும் சேர்த்து அவனில் பேக் செய்யும் சின்ன உருண்டைகள். அளவு: துருவிய சுக்கினி 300 கிராம், துருவிய கேரட் 60 கிராம், முட்டை 2, தண்ணீரில் மிதக்கும் ஃபிரெஷ் மொசரெல்லா 150 கிராம், பிரெட் தூள் 3 மேசைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன். எல்லாவற்றையும் கலந்து, ஃபாயில் விரித்த ட்ரேயில் ஸ்பூனால் வைத்து 180 டிகிரியில் 20 நிமிடம். தட்டையாகப் பரவிவிடுகிறது, மேலே வெளிறியே இருக்கிறது, அடி சொதசொத. ஓரத்தில் ஒழுகிய சீஸ் மட்டும் கருகி ஃபாயிலோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று முறையும் இதே கதி. பிரெட் தூளைக் கூட்டினால் சரியாகுமா?

பதில் 1:
பிரெட் தூளை மட்டும் கூட்டினால் மாவு உருண்டை மாதிரி ஆகிவிடும், காயின் ருசியே தெரியாது. முதலில் தண்ணீரை எடுக்க வேண்டும். சுக்கினியின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். நீங்கள் உப்பைக் கலவையில் போடுகிறீர்கள். அது காயிலிருந்து தண்ணீரை இழுத்து அப்படியே கலவைக்குள் விடுகிறது. கிண்ணத்தில் கெட்டியாகத் தெரிந்தது ட்ரேயில் இளகுவது அதனால்தான்.

அதே அரை டீஸ்பூன் உப்பைத் துருவலில் பிசறி, வடிகட்டியில் 15 நிமிடம் விடுங்கள். பிறகு மெல்லிய துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். கையால் பிழிந்தால் பாதிதான் வரும். முதலில் ஓடையாகக் கொட்டும், பிறகு சொட்டும், அப்புறம் துணி மேல் நுரை மட்டும் கசியும். அந்த நுரை வரும்வரை விடாதீர்கள். தராசு இருந்தால் 300 கிராம் துருவல் 180 கிராமுக்கு இறங்கியதா என்று பாருங்கள். உப்பு காயிலேயே கொஞ்சம் தங்கும், சீஸிலும் உண்டு. மறுபடி போட வேண்டாம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் முக்கால்வாசிதான். சீஸையும் மாற்றுங்கள். ஃபிரெஷ் மொசரெல்லாவிலும் பாதிக்கு மேல் தண்ணீர். சூடானதும் அது பிரிந்து வெளியே வரும். அதற்குப் பதில் செடார் 80 கிராம், பார்மெசான் 20 கிராம். செடார் உருகும், பார்மெசான் ஒழுகாமல் சிவந்து மேலே மொறுமொறுப்பு தரும். இரண்டையும் மெல்லிய துளையில் துருவுங்கள். நீளத் துருவலாகப் போட்டால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிதான் முதலில் வழியும், முதலில் கருகும்.

கையால் பிடிக்கிற உருண்டைக்கு ஒரு முட்டை போதும். பிரெட் தூள் 6 மேசைக்கரண்டி. கலந்து 10 நிமிடம் விட்டால்தான் தூள் ஈரத்தைக் குடித்து முடிக்கும், அதற்கு முன் பதம் பார்த்துப் பயனில்லை. கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். விரிசல் விடாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஈரம் கசியக் கூடாது. கசிந்தால் ஒரு மேசைக்கரண்டி தூள் மட்டும் சேர்த்து மறுபடி பாருங்கள். 25 கிராம் வீதம் பிடித்தால் 17 வரும். பிடித்தபின் ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். சீஸ் குளிர்ந்து இறுகியிருந்தால், அது உருகி ஓடுவதற்குள் சுற்றியுள்ள முட்டை வெந்து பிடித்துக்கொள்ளும்.

பதில் 3:
அவன் பக்கம் யாரும் வரவில்லையே. 180 டிகிரி இதற்குப் போதாது. ஈரம் ஆவியாகி மேல்பக்கம் சிவக்க 200 வேண்டும், ஃபேன் ஓடும் அவன் என்றால் 185. ட்ரேயையும் உள்ளே வைத்தே முன்சூடு செய்யுங்கள். சூடான ட்ரேயில் பட்டதும் அடி உடனே இறுகும். உருண்டைகளைத் தாளில் அடுக்கி, தாளோடு ட்ரேக்கு நகர்த்தினால் கை சுடாது. மேலே லேசாக எண்ணெய் தடவி, இரண்டுக்கும் நடுவே 3 செ.மீ. இடைவெளி விட்டு, 12 நிமிடத்தில் திருப்பி, இன்னும் 8 முதல் 10 நிமிடம்.

ஃபாயில் வேண்டாம், சீஸ் அதில் ஒட்டத்தான் செய்யும். பேக்கிங் பேப்பர் போடுங்கள். பட்டர் பேப்பர் என்ற பெயரில் கிடைப்பதெல்லாம் அவனுக்கானது அல்ல. மெழுகு பூசிய தாள் சூட்டில் புகையும். எத்தனை டிகிரி தாங்கும் என்று உறையில் போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

எடுத்து 3 நிமிடம் ட்ரேயிலேயே இருக்கட்டும், சுடச்சுடத் தூக்கினால் உடையும். அதற்கு மேலும் விடாதீர்கள், அடியில் ஆவி நீராகக் கோத்து ஊறவைத்துவிடும். கம்பி வலைக்கு மாற்றுங்கள். மூடி வைக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தண்ணீர் இத்தனை வழியில் சேரும் என்று நினைக்கவில்லை. மினி மஃபின் ட்ரேயில் ஊற்றினால் இவ்வளவு வேலை குறையுமா? சுக்கினிக்குப் பதில் ப்ரோக்கோலி போடலாமா? முட்டை சாப்பிடாதவர்களுக்கு என்ன செய்வது?

பதில் 2:
மஃபின் ட்ரே என்றால் உங்கள் பழைய 2 முட்டை அளவே சரி, குழி பிடித்துக்கொள்வதால் பரவாது. ஆனால் பிழிவது கட்டாயம். குழிக்கு எண்ணெய் தடவி முக்கால் பாகம் நிரப்புங்கள், 190 டிகிரியில் 18 நிமிடம். 5 நிமிடம் ஆறியதும் கத்தியை ஓரமாகச் சுற்றிவிட்டால் கழன்றுவரும். பக்கங்கள் மென்மையாகத்தான் இருக்கும், மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ட்ரேயில் வைப்பதே மேல்.

பதில் 1:
ப்ரோக்கோலி பச்சையாகப் போட்டால் இருபது நிமிடத்தில் வேகாமல் நறநறவென்று நிற்கும். தண்ணீரில் வேகவைத்தால் பூ மொட்டுக்குள் நீர் புகுந்துகொள்ளும். 3 நிமிடம் ஆவியில் வைத்து, பூவைத் தலைகீழாகத் துணியில் கவிழ்த்து, முழுக்க ஆறியபின் பொடியாக நறுக்குங்கள். உப்பு போட்டுப் பிழிய வேண்டியதில்லை. கலவையில் கால் டீஸ்பூன் உப்பு போதும்.

முட்டை இல்லாமல் செய்ய, வேகவைத்து மசித்து ஆறிய உருளைக்கிழங்கு 100 கிராம், கார்ன்ஃப்ளார் ஒரு மேசைக்கரண்டி. பிரெட் தூளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். முட்டை அளவுக்கு இறுகாது, அதனால் உருண்டையைச் சற்றுத் தட்டையாக்கி, திருப்பும்போது ஸ்பூன் வேண்டாம், தட்டைக் கரண்டியால் எடுங்கள்.

பதில் 3:
முன்கூட்டியே செய்பவர்களுக்கு ஒன்று. பச்சைக் கலவையை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் மறுபடி நீர் விடும். 15 நிமிடம் பேக் செய்து ஆறவைத்து, ட்ரேயில் தனித்தனியாக உறையவிட்டு, பிறகு பையில் போடுங்கள். பரிமாறும் நேரத்தில் உருக வைக்காமல் நேராக 200 டிகிரியில் 12 நிமிடம். ஒன்றைப் பிளந்து நடுவில் சூடு ஏறியிருக்கிறதா பாருங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், பழைய சொதசொதப்பு அப்படியே திரும்பிவரும்.