உவரியில் வள்ளத்து என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை

அண்ணன்மாரே, என்ஜின் 9.9 எச்பி, இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அவுட்போர்டு (வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டுவது). செவ்வாய்க்கிழமை கரை சேரும்வரை நன்றாக ஓடியது. புதன் விடியற்காலையிலிருந்து கை ஓய இழுத்தும் பிடிக்கவில்லை. நான்கு நாளாக வலை கரையிலேயே கிடக்கிறது, மனசு கேட்கவில்லை.

புது பிளக் போட்டேன், இரண்டிலும் பொறி நீலமாக வருகிறது. கில் சுவிட்ச் (என்ஜினை நிறுத்தும் சுவிட்ச்) கிளிப் சரி. பெட்ரோல் புதிது, பில்டரில் தண்ணீர் இல்லை, கைப்பம்பு பல்பும் இறுகுகிறது. கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதிவிட்டேன். அப்புறமும் பிளக் காய்ந்துதான் வருகிறது, பெட்ரோல் சிலிண்டருக்குள் போகவில்லை போல. பிளக் துளையில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு இழுத்தால் மட்டும் இரண்டு நொடி ஓடி நின்றுவிடுகிறது. கம்ப்ரெஷன் மீட்டர் கிடைக்கவில்லை. விரல் வைத்தால் நன்றாகத் தள்ளுகிறது.

பியூயல் பம்பு டயாபிரமா (பெட்ரோலைத் தள்ளும் பம்பின் சவ்வு), ரீட் வால்வா (கலவையை என்ஜினுக்குள் விடும் தகட்டு வால்வு), எதை முதலில் கழற்றிப் பார்க்கட்டும்?